அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்

“வட்டமும் கட்டமும் போட்டுக்கினு கீறே. இதுக்காடி உன்ன அவ்ளோ படிக்க வெச்சேன்?” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்பத்தூரில் ஒரு மனநல மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்ப வரைபடம் வரைவது என் வேலை. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். யாருக்கு என்ன நோய், எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது என்று அருகில் குறிப்பேன். எல்லாக் குடும்பமும் ஒருவரை மறைக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் சொல்லிவிடுவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

தம்பிக்கும் மனநோய் வந்தபோது அவன் வரைபடத்தையும் நானே வரைந்தேன். டாக்டர் புது மாத்திரை எழுதுமுன் கேட்டார்: “இது சில பேர் மரபணுவுக்கு ஒத்துக்காதும்மா. கொப்புளம் வந்து தோல் உரியும். குடும்பத்துல யாருக்காவது அப்படி ஆகியிருந்தா, ரத்தத்துல மரபணுவப் பார்த்துட்டுதான் தருவேன்.”

“யாருக்கும் இல்ல சார்.”

ஆவடியில் தனியாக இருக்கும் அத்தையை, அப்பாவோடு பிறந்தவளை, நான் வரையவில்லை. மனநோய் வந்த நாளிலிருந்து வீட்டில் அவள் பேச்சே கிடையாது. எனக்கு இப்போது வரனும் பார்க்கிறார்கள்.

மறுநாள் காலை தம்பியின் உள்ளங்கையில் மாத்திரையை வைக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. அத்தைக்கு வாயெல்லாம் புண், முதுகில் தோல் உரிந்திருந்தது. அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டினார்கள்.

“அத்தைக்கு அம்மை வந்தப்ப மாத்திர சாப்டுக்கினு இருந்துச்சாப்பா?”

“அவள இன்னாத்துக்கு இழுக்கற? அத எழுதி வெச்சீன்னா உன்ன எவன் கட்டுவான்?”

அம்மா சோற்றுப் பானையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “ரெண்டு வாரம் சாப்ட்டா.”

தம்பியின் கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டேன். டாக்டருக்குப் போன் செய்து, நான் பொய் சொன்னதையும் சொன்னேன். “கொடுக்காதீங்க. ரத்தம் எடுப்போம். அத்தை என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா நல்லது,” என்றார்.

தம்பியின் ரத்தம் கொடுத்தாயிற்று. அப்பா என்னோடு பேசுவதில்லை. மருத்துவமனையில் கூட வேலை செய்பவர்கள் மதியம் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். நான் மறைத்தது என் வீட்டு ஆளைத்தான் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. தனியாகவே சாப்பிடுகிறேன்.

வரைபடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு, மாத்திரையின் பெயருக்கு இடம் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் ஆவடி போய், அத்தையின் கதவைத் தட்டினேன்.