கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கூறைப் புடவை

சிராங்கூன் சாலையைப் பார்த்த மாடியில் நூருல் அமீன் பாய் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பகலெல்லாம் பாஸ்போர்ட் படம். வார இறுதியில் கல்யாணம். ஜூரோங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நான், ஞாயிறுகளில் அவருடன் இரண்டாவது கேமரா பிடிப்பேன்.

பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் எடுக்கும்போதே பெண் வீட்டாரிடம் கூறைப் புடவையின் ரவிக்கைத் துணியில் விரலகலத் துண்டு கேட்டு வாங்கிவிடுவார். அதைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து, படத்தின் நிறம் அதோடு ஒத்துப்போகும்வரை எழுந்திருக்க மாட்டார்.

“மாப்பிள்ளை கண்ண மூடியிருந்தாக்கூட மன்னிச்சுடுவாங்க தம்பி. புடவைக் கலர் மாறுனா அவ்வளவுதான்.”

இந்த ஆண்டு புதுக் கேமரா வாங்கினார். ஆங் மோ கியோ சரஸ்வதி அக்காவின் மகள் வர்ஷா கல்யாணத்தை அதில்தான் எடுத்தோம். எல்லாம் ‘ரா’ கோப்புகள்; கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும், நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு மென்பொருளில் நாம்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். பாயின் பழைய மென்பொருளோ அந்தக் கோப்புகளைத் திறக்கவே மறுத்தது.

ஒரே தடவை பணம் கட்டிப் பழையதையே புதுப்பிக்கலாம். மாதச் சந்தா கேட்கும் இன்னொன்றுக்கு மாறலாம். இலவசமாகக் கிடைப்பதைப் பழகிக்கொள்ளலாம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி சும்மா இருப்பேனா? ஐந்தாண்டுச் செலவு, வேகம், வசதி என்று கட்டம் கட்டி அட்டவணை போட்டுக் கொடுத்தேன்.

பாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். “வீட்டுக்கு மாசம், போனுக்கு மாசம். இப்ப நான் எடுத்த படத்த நானே திருத்துறதுக்கும் மாசமா? கட்டுறத நிறுத்துனா?”

“திருத்த முடியாது பாய்.”

“நல்ல கதையா இருக்கு லா!”

இருந்தும் மூன்றின் சோதனைப் பதிப்பையும் இறக்கிக்கொண்டார். ஒரு நாள் இருட்டிய பிறகு உட்கார்ந்து, ஊரே மெச்சும் சந்தா மென்பொருளில் முதல் மாதிரிப் படங்களைச் செய்து அனுப்பினார். உடனே சரஸ்வதி அக்காவின் போன்.

“அரக்குப் புடவை எடுத்தேன் பாய், நீங்க கத்திரிப்பூ கலர்ல அனுப்பியிருக்கீங்க! சனிக்கிழமை நானே வர்றேன். சரியா வரலன்னா படத்தக் குடுத்துடுங்க, ஆல்பத்த வேற எடத்துல போட்டுக்கறேன்.”

பாய் எடுத்த கல்யாணம் பாதியில் இன்னொருவர் கைக்குப் போனதே இல்லை. மனுஷன் ஆடிப்போனார். பகலில் வாடிக்கையாளர் கூட்டம் என்பதால், சாயங்காலங்களில் உட்கார்ந்து மற்ற இரண்டு மென்பொருளிலும் அதே படத்தைச் செய்தார்.

சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் அக்கா வந்தார். மூன்று படங்களையும் திரையில் வரிசையாக வைத்தோம்.

“மூணும் கத்திரிப்பூ!”

“துணியப் பாருங்கக்கா, அச்சு அசலா ஒத்துப்போகுதே!” பாய் திரை ஓரத்துத் துண்டைக் காட்டினார்.

அக்கா துணியைப் பார்த்தார். அதுவும் கத்திரிப்பூ நிறம்தான். குழப்பத்தோடு அதைத் தொடப்போனவர், நீட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாய்... நானே கத்திரிப்பூ கலர்லதான் இருக்கேன்!”

மூவரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். சாலைக்குக் குறுக்கே தீபாவளி அலங்கார மயில் ஊதா நிறத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. அதை ரசிப்பதற்காகவே பாய் அந்த வாரம் முழுக்க விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார். என் அட்டவணையில் ஜன்னலுக்குக் கட்டமே இல்லை.

“யா அல்லாஹ்! மூணு மென்பொருளையும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே!”

படமெடுக்கப் பின்னால் தொங்கவிடும் தடித்த துணியை இழுத்து ஜன்னலை மறைத்தேன். வெள்ளை விளக்கைப் போட்டதும் துண்டுத் துணி அரக்குக்குத் திரும்பியது. அக்கா சிரித்துக்கொண்டே பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார, பாய் மூன்றிலும் நிறத்தை மறுபடி திருத்தினார். மூன்றிலும் அரக்கு சரியாகவே வந்தது.

“அப்ப பழசையே புதுப்பிச்சுக்குவோம் தம்பி. கை பழகுனது.”

அங்கேயே வங்கி அட்டையை எடுத்துப் பணம் கட்டிவிட்டு, தயங்கியபடி அக்காவிடம் திரும்பினார். “அக்கா, ஆல்பம்...?”

“எதுல வேணும்னாலும் செய்யுங்க, எனக்கென்ன? என் பொண்ணு அரக்குல இருக்கா, போதும். ஆனா ஆல்பத்தோட மேலட்டையில நானும் வரணும். என் புடவை பச்சை, மறந்துடாதீங்க!”