அத்தை படித்த கதைகளும் போன் படிக்கும் கதைகளும்

வேப்பிலை வாசனை… நடுநடுவே பழைய காகிதம் புரளும் சத்தம்… கதை என்றால் இன்றும் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டும்தான்.

ஆடியோபுக் பற்றி என் அபிப்பிராயம் கேட்ட தோழிகளே, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது யுத்த காலம். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் எங்கள் வீடு. எனக்கு ஒன்பது வயது. உடம்பு முழுக்க அம்மை, கண்ணைத் திறக்க முடியாது. அம்மா பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்தாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்தால்தான் நான் சொறியாமல் கிடப்பேன்.

அப்பா படித்தால் கோர்ட்டில் மனு வாசிப்பது போல இருக்கும். காதல் கட்டம் வந்தால் கனைத்துக்கொண்டு இரண்டு பக்கம் தாண்டிவிடுவார். பக்கத்து வீட்டு மாமா ஜன்னலுக்கு வெளியே நின்று படிப்பார். அடேயப்பா… வில்லன் வந்தால் தெருநாயெல்லாம் குரைக்கும்!

அப்பாவின் தங்கை, என் அத்தைதான் சரி. பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணின தொடர்கதையை ஒரே குரலில் படித்துக்கொண்டே போவாள். அழுவதா சிரிப்பதா என்பதை என்னிடமே விட்டுவிடுவாள்.

ஒன்றுதான் விசித்திரம். கதையில் யாராவது படுத்த படுக்கையானால், அடுத்த வரியில் அவர்கள் காசிக்குப் போய்விடுவார்கள்.

"ஏன் அத்தை எல்லாரும் காசிக்கே போறா?"

"புண்ணியம்டி. பேசாம கேளு."

ஒரு நாள் அப்பா அவசரமாகக் கும்பகோணம் கிளம்பினார். அதன்பிறகு, அம்மா எப்போ வருவா என்று தினமும் அத்தையை நச்சரித்தேன்.

"அம்மா காசிக்குப் போயிருக்கா. வர நாளாகும்."

அதே குரல். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை விட்டுவிட்டு அப்படியென்ன காசி?

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்டபிறகு அந்த பைண்டை நானே எடுத்துப் படித்தேன். காசிக்குப் போன பெரிய மருமகள் அதில் செத்துப்போயிருந்தாள். பண்ணையாரும் செத்துப்போயிருந்தார். காசி என்ற சொல்லே எங்கும் இல்லை.

அம்மை கண்ட வீட்டில் சாவுப் பேச்சு எடுக்கக் கூடாது என்பார்கள். அதற்காகத்தான் அத்தை மாற்றி மாற்றிப் படித்திருக்கிறாள்.

சமையலறைக்கு ஓடினேன்.

"அத்தை, அம்மா எங்கே?"

"காசிக்கு…" என்று ஆரம்பித்தாள். கையில் கரண்டியோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிரசவத்தில் அம்மாவும் போய், குழந்தையும் போயிருந்தது.

இப்போது அபிராமபுரத்தில் தனியாக இருக்கிறேன். கண் அநேகமாகப் போய்விட்டது. மகள்தான் போனில் ஆடியோபுக் போட்டுக் கொடுத்தாள். நாள் முழுக்க வீட்டில் கேட்கும் மனுஷக் குரல் அது ஒன்றுதான்.

சரி, கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மணி சோகக் கட்டத்தில் எல்லா அழுகையையும் அவளே அழுது தீர்த்துவிடுகிறாள், எனக்கு மிச்சமில்லை. இன்னொருவர் ஆளுக்கொரு குரலில் பேசி என் மண்டையை உடைக்கிறார். பின்னால் வயலின் வேறு, சகிக்கவில்லை! அது இழைய ஆரம்பித்தாலே யாரோ சாகப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கேயே நிறுத்திவிடுவேன்.

அப்படிப் பாதியில் நிற்கிற கதைகள் போனில் நிறைய இருக்கின்றன…

மேற்கொண்டு படித்துக் காட்ட அத்தைதான் இல்லை.