நாறாத தொட்டியும் சித்தப்பாவின் மூக்கும்

"உன் சித்தப்பா குப்பைமேட்டுத் தண்ணியை வேணும்னே நாற விட்டுட்டாராம். வேலையே போயிடும்னு பேசிக்கறாங்க" என்று அத்தை மகன் போனில் சொன்னான். அவனுக்கு அவன் மனைவி சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னார்கள் என்பது அவளுக்கே நினைவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் எனக்குத் தூக்கம் கெட இவ்வளவு போதும்.

சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே வாசனை தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எந்த வேலையிலும் நிலைக்காத மனிதரைக் குப்பைமேடுதான் வாரி அணைத்துக்கொண்டது. மேட்டின் அடியில் கசிந்து தேங்கும் கறுப்புத் தண்ணீர் பக்கம் போனாலே மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவரோ அங்கேயே சாவகாசமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். அந்தத் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஆபரேட்டர் பதவி வேறு யாருக்குப் போகும்?

பிறகு சுத்திகரிப்புத் தொட்டி வந்தது. அந்தத் தண்ணீரில் அமிலம் விட்டு, இரும்பு உப்பைக் கரைத்து, பெராக்சைடை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பொங்கும். கறுப்பு வெளுக்கும், நாற்றம் அடங்கும். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. சித்தப்பாவுக்குத்தான் மூச்சு முட்டியது. இனி யார் வேண்டுமானாலும் அங்கே நிற்கலாமே! மேனேஜரின் மச்சான், சென்ட் பூசிய சட்டையோடு வந்து, இவர் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துவிட்டான்.

சித்தப்பா வீட்டுக்குப் போன் போட்டேன். சித்தி எடுத்தாள்.

"அந்தக் கூத்தை ஏம்ப்பா கேக்கற? நேத்து பெராக்சைடே ஊத்தலையாம் இந்த மனுஷன். நாத்தம் வந்தா அந்த மச்சான் ஓடிடுவான்னு கணக்கு!"

"ஓடினானா சித்தி?"

"தெருவே ஓடிச்சு. அவன் மட்டும் அசையலை. அவனுக்கு ஜலதோஷமாம்!"

சித்தப்பா போனைப் பிடுங்கினார். "டேய், நீ பயப்படாதே. 'இந்த நாறு நாறுதே, உங்களுக்குத் தெரியலையா'ன்னு மேனேஜர் கத்தினார். 'மூக்கு வேலை செய்யாதுன்னுதானே சார் எனக்கு வேலை குடுத்தீங்க'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"யோசிக்கிறாராம். இப்பதான் வரச் சொல்லி ஆள் வந்திருக்கு."

"சித்தப்பா, உண்மையைச் சொல்லிடுங்க. இல்ல, வேண்டாம், சொல்லாதீங்க. இல்ல, ஒண்ணு பண்ணுங்க..."

அவர் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார்.

சற்றுமுன் அத்தை மகனிடமிருந்து செய்தி: நாற்றம் அடங்கிவிட்டதாம், யாரோ பெராக்சைடு ஊற்றியிருக்கிறார்களாம். யாரோ என்றால் யார்? சித்தப்பாவின் செல்லுக்கே போட்டேன். கையுறை மாட்டி ஊற்றிக்கொண்டிருந்தால் சித்தப்பா போனை எடுக்க மாட்டார். வேலை போயிருந்தாலும் எடுக்க மாட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.