நிக்கல் கலந்த பல்

தவறு என்னுடையது, பழியை ஒரு பெண்மீது போட்டேன். அவருடைய ஈறு வீங்கியதற்கு நான் பொருத்திய பல்தான் காரணம் என்று தெரிந்தும், அவர் கணவர் முன்னால், "நீங்க சரியா பல்லு வெளக்கறதில்ல" என்றேன்.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்பில் சிறிய பல் மருத்துவ அறை வைத்திருந்தேன். ஷிஃப்ட் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு கும்பலாகக் கடந்துபோகும் அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் மனம் இளகிவிடுகிறது. ஜன்னலை எத்தனை முறை துடைத்தாலும் கரித்தூள் படியும். உடைந்த பல்லின்மேல் உறைபோல மாட்ட, உள்ளே உலோகமும் வெளியே பீங்கானுமாகப் பல் செய்யச் சென்னையில் கற்றுவந்திருந்தேன். அதற்கென்று சின்ன உலை ஒன்றும் வாங்கிவைத்திருந்தேன்.

அந்தம்மா குள்ளஞ்சாவடிக்காரர். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. முன்பல் பாதி உடைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார்.

"இத்த உருக்கி உள்ள வெச்சிடுங்க டாக்டர். எங்க ஊர்ல தங்கத்துலதான் பல்லு கட்டுவாங்க."

"மோதிரத் தங்கம் பீங்கான் சுடற சூட்டத் தாங்காதும்மா. உலைக்குள்ளயே தொய்ஞ்சிடும்."

"அப்ப கவரிங்கா? எனக்கு கவரிங் ஆவாதுங்க. காது புண்ணாயி வேப்பங்குச்சி சொருவிக்கினு இருக்கேன், பாருங்க."

பார்த்தேன். கவரிங் நகையில் நிக்கல் கலந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் இருந்ததும் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உலோகம்தான். மெல்லிசாக வார்த்தாலும் வளையாது. சூட்டில் அதன்மேல் படியும் ஆக்சைடைப் பீங்கான் இறுகப் பற்றிக்கொள்ளும். பிளாட்டினம் சேர்த்த தங்கக் கலவை ஒன்று உண்டு. அது உலைச் சூட்டைத் தாங்கும், அந்தம்மாவுக்கும் ஒத்துக்கொண்டிருக்கும். ஆனால் சென்னையிலிருந்து வர வேண்டும். என் முதல் பீங்கான் பல்லை ஊருக்குக் காட்டும் அவசரத்தில் எனக்குப் பொறுமையில்லை. "இது வேறம்மா" என்று சொல்லிவிட்டேன்.

பல் அசல்போலவே இருந்தது. சில வாரங்களில் ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது. கணவரை அழைத்துக்கொண்டு வந்தார். அப்போது சொன்னதுதான் அந்தப் பொய். பிறகொரு நாள் கடைத்தெருவில் அந்தம்மா, முந்தானையால் வாயை மூடியபடி கணவருக்குப் பின்னால் நடந்துபோனார்.

அதைப் பார்த்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தங்கக் கலவையை வரவழைத்தேன். அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய், வாசலில் நின்றபடியே அந்தம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"பழி சொல்லும்போது அவரு முன்னாடி சொன்னீங்க. இப்ப அவரு இல்லாத நேரமா வந்து இல்லன்றீங்க," என்றார். "ஒக்காருங்க. ஷிஃப்ட் முடிஞ்சி வந்துடுவாரு."

உட்கார்ந்தேன். கணவர் உடம்பெல்லாம் கரித்தூளோடு வந்தார். முழுவதையும் மறுபடி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தான் சார், வாய் சுத்தமில்லன்னு இவ டம்ளரத் தனியா வெக்கச் சொன்னேன்."

"கடைக்கு வாய மூடிக்கினு வரச் சொன்னதும் நீங்கதான்," என்றார் அந்தம்மா.

பழைய பல்லை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தினேன். புண் ஆறியது. ஆனால் ஈறு சற்று மேலேறிவிட்டிருந்தது; சிரித்தால் வேரின் ஓரம் தெரியும். அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. கணவர் வழியில் கண்டால் வணக்கம் சொல்வார். அந்தம்மா சொல்லமாட்டார். பிள்ளைகளுக்குப் பல்வலி வந்தபோது, என் வாசலைத் தாண்டி அவர்களை நடத்திக்கொண்டுபோய்க் கடலூர் பஸ்ஸில் ஏற்றினார்.