லுமுட் பஸ் கண்டக்டரின் கைத்தூண்டில்

ஈப்போவிலிருந்து லுமுட்டுக்குப் போகும் காலை எட்டு மணி பஸ்ஸில் நவமணி கண்டக்டராகச் சேர்ந்தது 1974-இல். அதற்கு முன் பாரிட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றபோது பெற்றோரோடு லகாட்டுக்கு வந்தார். அங்கே ஈயச் சுரங்கத்தில் பம்பு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த பத்துமலையைக் கல்யாணம் செய்துகொண்டார். பஸ் கம்பெனியில் பெண் கண்டக்டர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நேரில் போய் நின்றார்.

"சத்தமாப் பேச வருமா?" என்று மேலாளர் கேட்டாராம்.

"பத்து நிரைக்கு அப்பால மரம் வெட்டுறவகூட பேசிக்கிட்டே வேலை செஞ்சவ நான்" என்றாராம் நவமணி. மறுநாளே காக்கிச் சட்டை தைக்க அளவெடுத்துவிட்டார்கள்.

பஸ் பத்தரைக்கு லுமுட் போய்ச் சேரும். பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்பும். டிரைவர் அப்பாவு கடைசி நீள இருக்கையில் படுத்துத் தூங்கிவிடுவார். நவமணிக்குப் பகலில் தூக்கம் வராது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஐம்பது அடி நடந்தால் படகுத்துறை. முதல் இரண்டு வாரம் சும்மா வேடிக்கை பார்த்தார். மூன்றாவது வாரம் நைலான் நரம்பும் இரண்டு தூண்டில் முள்ளும் வாங்கினார். நரம்பைக் காலி பால் டின்னில் சுற்றிக்கொண்டு, படகுக்காரர்களிடம் கைப்பிடி உயிர் இறால் கேட்டு வாங்கி, துறைப் படியில் உட்கார்ந்தார்.

தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உட்கார்ந்ததால் அவர் ஒன்றைக் கவனித்தார். நேற்றுப் பத்தரைக்கு ஏழு படி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. இன்று அதே பத்தரைக்கு ஐந்துதான் தெரிகிறது. நேற்று ஓடிய தண்ணீர் இன்று நிற்கிறது. பழைய டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில் எழுதிவைக்க ஆரம்பித்தார். எத்தனை படி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, என்ன நிறம், என்ன மீன் கடித்தது. மூன்று மாதத்தில் அவருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. ஏற்றமும் இறக்கமும் நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப் போகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வெறிபிடித்து ஓடுகிறது. பாதிப்பிறை நாட்களில் சோம்பலாகக் கிடக்கிறது. அந்தச் சோம்பல் தண்ணீரை மலாய்க்காரர்கள் 'ஆயர் மாத்தி', செத்த தண்ணீர், என்பார்கள். மீன் பிடிப்பவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

1976 ஜூலையில் ஒரு நாள் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் தூண்டிலை ஒரு சியாக்காப் கவ்வியது. கொடுவா மீன்தான், இங்கே அதற்கு அந்தப் பெயர். பெரிய மீன். பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பாவு ஹாரனை அழுத்தினார். நவமணி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஹாரனுக்கு, "அண்ணே, வாரேன்லா, அது வரட்டும்!" என்று கத்தினார்.

எது வரட்டும் என்று பார்க்கப் பயணிகள் இறங்கி வந்தார்கள். மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி, தலையை உதறி, மறுபடி துறைத் தூணைப் பார்த்து ஓடியது. நரம்பு தூணில் உரசினால் அறுந்துவிடும். நவமணி படியில் இரண்டு அடி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, நரம்பைத் தூணுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தார். கடைசியில் டிரைவர் அப்பாவுதான் ஓடிவந்து செவுளில் கை கொடுத்துத் தூக்கினார். பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஒரு பயணிகூடப் புகார் சொல்லவில்லை. ஆனால் ஆயர் தாவாரில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் மீனையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். நவமணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். மறுநாள் முதல் பதினொன்றே முக்காலுக்கு நரம்பைச் சுற்றிவிடுவார்.

ஈப்போவில் எங்களுக்கு ஒரு தூண்டில் கிளப் இருந்தது. முப்பது பேர் இருப்போம். நான் ஆரம்பப்பள்ளி ஆசிரியர். செயலாளர் லூயிஸ், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். சனிக்கிழமைகளில் கோலும் பெட்டியுமாக அந்த எட்டு மணி பஸ்ஸில் ஏறுவோம். நவமணி டிக்கெட் கிழித்துக்கொண்டே நிலவரம் சொல்லிவிடுவார்.

"மழையே இல்ல, ஆத்துக் கலங்கல் அடங்கிருச்சு. பச்சத் தண்ணி துறை வரைக்கும் வந்திருக்கு. கெம்போங் மீன் குஞ்சு கூட்டங்கூட்டமா நிக்குது. தலாங் மீன் தொரத்திக்கிட்டு வருது, புதன்கிழம ஒரு சீனப் பெரியவர் மூணு தூக்குனாரு. நீங்க ஒரு மணி வரைக்கும் கோப்பிக் கடையில உக்காருங்க. அதுக்கு முன்னாடி போட்டா இறால்தான் வேஸ்ட்டு."

முதலில் நாங்கள் கேட்கவில்லை. இறால் வீணானது. பிறகு கேட்டோம்.

1979-இல் கிளப் முதல் முறையாகப் பெரிய போட்டி ஒன்று வைத்தது. எட்டுப் படகு, ஒவ்வொன்றிலும் நான்கு பேர், புலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம். ஜூன் கடைசி ஞாயிறு என்று தலைவர் பழனியப்பன் முடிவு செய்தார். ஈப்போவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். பரந்த மனசுதான், ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார்.

நவமணி தேதியைக் கேட்டதுமே நெற்றியைச் சுருக்கினார். "லூயிஸ் அண்ணே, அன்னிக்கு அமாவாசை. தண்ணி பேயா ஓடும். ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"படகெல்லாம் சொல்லியாச்சும்மா. கப்புலகூட தேதி வெட்டிட்டாங்க."

"அப்ப சரி. எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்க."

லூயிஸ் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நவமணி பஸ் ஓட ஓடவே நின்றபடி அதைப் பூர்த்தி செய்து நீட்டினார். செயற்குழுவில் பழனியப்பன் அதைப் பார்த்து, "பொம்பள ஆளு நாள் முழுக்கப் படகுல எப்படிலா தாக்குப் பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். லூயிஸ் அதை அப்படியே நவமணியிடம் வந்து சொன்னார்.

"ஆடுற பஸ்ல நித்தம் நூறு மைல் நின்னுக்கிட்டே போய் வாரேன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

போட்டியன்று விடியும் நேரத்தில் சுமத்ரா காற்று அடித்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் உலுக்கிவிட்டுப் போகும் காற்று அது. எட்டுப் படகும் பங்கோர் தீவின் மறைவில் ஒதுங்கி நின்றன. காற்று அடங்கியதும் வெயில் சுள்ளென்று வந்தது. ஒன்பதரைக்குத் தீவுகளை அடைந்தோம். எங்கள் படகுக்காரர் ஆ செங், பங்கோரில் பிறந்த சீனர். படகில் லூயிஸ், நவமணி, நான், காம்பாரிலிருந்து வந்த சீனி என்ற லாரிக்காரர்.

நவமணி சொன்னது அப்படியே நடந்தது. ஈயக் குண்டைப் போட்டால் அடியைத் தொடவே இல்லை. நரம்பு காற்றில் பறக்கும் பட்டத்து நூல் மாதிரிப் படகுக்குப் பின்னால் கிடையாகப் போனது. இரண்டு குண்டு கட்டினோம், மூன்று கட்டினோம். கனம் கூடியதும் பாறையில் போய்ச் சிக்கி அறுந்தது. பதினொரு மணிக்குள் நான் ஆறு முள் இழந்திருந்தேன். பக்கத்துப் படகுகளிலும் இதே கதை என்பது அவர்கள் திட்டுவதிலிருந்து தெரிந்தது.

நவமணி தூண்டிலைத் தொடவே இல்லை. நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டார். கையைக் கழுவினார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஐஸ் பெட்டியில் சாய்ந்து தூங்கிவிட்டார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "அக்கா பிக்னிக் வந்திருக்காங்க போல" என்றார் சீனி. நாங்கள் மூவரும் சிரித்தோம்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். நவமணி எழுந்து நங்கூரக் கயிற்றைப் பார்த்தார். காலையிலிருந்து விறைத்து நின்ற கயிறு மெல்லத் தொய்ந்துகொண்டிருந்தது. ஆ செங்கிடம் மலாயில் ஏதோ கேட்டார். அவர் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எல்லாரும் நரம்ப மேல எடுங்க" என்றார் நவமணி, பஸ்ஸில் 'உள்ள தள்ளிப் போங்க' என்று சொல்லும் அதே குரலில். "ஈயத்தக் கொறைங்க. ஒண்ணு போதும். அரை மணி நேரம்தான், அப்புறம் தண்ணி மறுபக்கம் ஓட ஆரம்பிச்சிரும். பேசிக்கிட்டு நிக்காதீங்க."

பழைய காக்கிச் சட்டையிலிருந்து கிழித்த துணியை விரல்களில் சுற்றிக்கொண்டார். உயிர் இறாலை வால் பக்கம் குத்தி, பால் டின்னிலிருந்து நரம்பை விட்டார். குண்டு நேராக இறங்கி அடியைத் தொட்டது. நாலைந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய வலது கை சட்டென்று முன்னால் போனது, தோள் வரைக்கும். அவர் எழுந்து நிற்கவில்லை. படகின் விளிம்பில் முழங்காலை முட்டுக் கொடுத்து, விட வேண்டிய நேரத்தில் விட்டு, இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்தார். துணியையும் மீறி நரம்பு ஆள்காட்டி விரலை வெட்டியது. சீனி உதவிக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க! தொட்டா செல்லாது!"

சீனி நெருப்பைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். பத்து நிமிடத்துக்குப் பிறகு ஆழத்தில் செந்நிறமாக ஒன்று புரண்டது. ஜெனாஹாக் மீன். முதுகின் பின்பக்கம் கறுப்புப் புள்ளியோடு, என் தொடை நீளத்துக்கு இருந்தது. ஆ செங் வலையால் அள்ளிப் போட்டதும் படகே அதிர்ந்தது. அடுத்த இருபது நிமிடத்தில் லூயிஸ் கெராப்பு என்கிற களவா மீன் ஒன்று பிடித்தார், சீனி இரண்டு சின்ன ஜெனாஹாக், நான் ஒன்று. அதற்குப் பிறகு படகு நங்கூரத்தைச் சுற்றி மெல்லத் திரும்பியது. தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு கடியும் இல்லை.

மாலையில் துறையில் தராசு வைத்து நிறுத்தார்கள். நவமணியின் மீன் ஏழு கிலோ நானூறு. அதற்கு அடுத்தது பழனியப்பன் பிடித்த தலாங், ஐந்தரைக் கிலோ. பழனியப்பன் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் நல்ல மீன்தான்" என்றார். "ஆனா கைத்தூண்டில்ல பிடிச்சது. இது கோலு, ரீல் வச்சு விளையாடுற விளையாட்டு. எப்படி ஏத்துக்கிறது?"

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்றார்கள். நவமணி வெட்டுப்பட்ட விரலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஐயா, விதி எங்க எழுதியிருக்கு? கொஞ்சம் வாசிங்க."

லூயிஸ் ஃபாரத்தை நீட்டினார். பழனியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆளுக்கு ஒரு நரம்பு. இரண்டு முள்ளுக்கு மேல் கூடாது. மீன் படகுக்குள் வரும் வரை வேறு யாரும் நரம்பைத் தொடக்கூடாது. கோல் என்ற சொல்லே அதில் இல்லை. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"டிக்கெட்டுக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்கோ, அதத்தான் நான் பாசஞ்சர்கிட்ட கேப்பேன்" என்றார் நவமணி. "எழுதாதத கேக்க எனக்கு உரிமை இல்ல. உங்களுக்கும் அப்படித்தான்லா."

யாரோ சிரித்தார்கள். பழனியப்பன் சிரிக்கவில்லை. ஃபாரத்தை மடித்து லூயிஸிடம் கொடுத்தார். முகம் வாடித்தான் போயிருந்தது. ஆனால் மேசைக்குப் போய்க் கப்பை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார். "அம்மா, இது உங்களுது." நவமணியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருட ஃபாரத்தில் புது விதி ஒன்று சேர்ந்திருந்தது: கோலும் ரீலும் மட்டுமே. நவமணி அதைப் படித்துவிட்டு, "இப்ப எழுதிட்டாங்கல்ல, அப்ப சரி" என்று கோல் வாங்கினார். லகாட்டில் வீட்டுக்குப் பின்னால் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் சாயங்காலம்தோறும் வீசிப் பழகினார். முதல் வாரம் பத்துமலையின் தொப்பியைத்தான் பிடித்தார். அந்த வருடம் போட்டியில் கடைசியிலிருந்து நான்காவது. அடுத்த வருடம் மூன்றாவது பரிசு. முதல் பரிசு மறுபடி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஏனென்றால் 1980 தொடங்கிப் போட்டித் தேதியைக் குறித்ததே அவர்தான். முதல் தடவை பழனியப்பன் தாமே எட்டு மணி பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டும் எடுத்து, லகாட் போவதற்குள் கேட்டு முடித்துவிட்டு இறங்கினார். "ஜூலை அஞ்சு, ஆறு ரெண்டுல ஒண்ணு வைங்க" என்றார் நவமணி. அந்தப் போட்டியில் முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை.

1985-இல் ஈய விலை விழுந்து சுரங்கம் மூடியது. அதே வருடம் பஸ்ஸிலும் கண்டக்டர்கள் வேண்டாம், டிரைவரே டிக்கெட் கொடுக்கட்டும் என்று ஆகிவிட்டது. ஈப்போ நிலையத்தில் கவுண்டர் வேலை தருவதாகச் சொன்னார்கள். நவமணி ஒரு இரவு யோசித்தார்.

"என்னங்க, ஆ செங் ரெண்டாவது படகு வாங்கியிருக்காரு. எஞ்சின் பாக்க ஆள் தேடுறாரு. மீன் பிடிக்க வர்ற ஆளுங்கள கூட்டிக்கிட்டுப் போகவும் ஆள் வேணுமாம். போலாமா?"

"எனக்கு மீன் வாடையே ஆகாது" என்றார் பத்துமலை.

"எஞ்சின்ல டீசல் வாடைதான் அடிக்கும். வாங்க."

லுமுட்டில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சுரங்கத்துப் பம்போடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டிய பத்துமலைக்குப் படகு எஞ்சின் விளையாட்டுச் சாமான். ஒரு மாதத்தில் துறையில் இருந்த மற்றப் படகுக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். தஞ்சோங் மாலிம், காம்பார், கோலாலம்பூர் என்று எங்கிருந்தோ ஆட்கள் கோப்பிக் கடைக்குப் போன் போட்டு நவமணியைக் கூப்பிடச் சொல்வார்கள். மோசமான நாளாக இருந்தால், "வராதீங்க, காசுதான் வீணு" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். ஆ செங் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்கள்தான் மறுபடி மறுபடி வந்தார்கள்.

1988 ஜூலையில் ஒரு சனிக்கிழமை நான் லுமுட் போனபோது அவர் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கூட வந்த நான்கு பேரும் வெயிலில் வெந்து சிவந்திருந்தார்கள். பெட்டியில் இரண்டு தெங்கிரி, அதாவது வஞ்சிரம், ஒரு கெராப்பு. நாற்பது வயதில் நவமணி இன்னும் அதே காக்கி நிறச் சட்டைதான் போட்டிருந்தார்.

"வாத்தியாரே, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? தண்ணி கெட்டுப்போச்சு. வர வியாழக்கிழம வாங்க."

"வியாழக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கே அக்கா."

"மீனுக்குத் தெரியுமா அது? லீவு போடுங்க."

வியாழக்கிழமை லீவு போட்டேன்.