நீலம் மாறாத செருப்பைத் தேடிக் கம்பத்துக்கு

பிப்ரவரி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கம்பம் பக்கம் போய் வந்தேன். சுருளி அருவியில் குளிக்கவோ திராட்சை வாங்கவோ அல்ல. ஒரு ஜோடி செருப்பைப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள், விளக்குகிறேன்.

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சாயம் கலக்கும் வேலை. வேதியியல் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க நான் செய்வது அதுதான். இரண்டு வருடமாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செருப்பு அட்டை செய்துகொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவர் சர்க்கரை நோய் மருத்துவர். இன்னொருவர் ரப்பரும் நுரையும் பற்றிப் படித்தவர். மூன்றாமவள் என் தோழி, மனிதர்கள் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஆராய்கிறவள். நான்காவது ஆள் நான்.

சர்க்கரை நோய் நாள்பட்டால் சிலருக்குப் பாதம் மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதாகிக் காலையே எடுக்கவேண்டி வரும். நீல நிறமான எங்கள் அட்டையைச் செருப்புக்குள் வைத்து நடந்தால், எந்த இடம் அதிகமாக அழுந்திச் சூடாகிறதோ அந்த இடம் இளஞ்சிவப்பாகும். ராத்திரி ஆறவிட்டால் மறுபடி நீலமாகிவிடும். சாயங்காலம் அதைப் போனில் படமெடுத்து எங்களுக்கு அனுப்ப வேண்டும். கால் சொல்லாததைச் செருப்பு சொல்லிவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

அட்டை வைத்த செருப்பை நாற்பது பேருக்குக் கொடுத்திருந்தோம். அதில் இருபத்து மூன்றாம் எண், பாண்டியம்மாள். வயது நாற்பத்தெட்டு, காமயகவுண்டன்பட்டி பக்கம் அரை ஏக்கர் திராட்சைப் பந்தல், வீட்டுக்காரர் தினமும் ஜீப்பில் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். 'ஏன் இதில் சேர்கிறீர்கள்?' என்ற இடத்தில், அவர் சொன்னதை என் தோழி அப்படியே எழுதி வைத்திருந்தாள்: "எங்கண்ணனுக்குச் சக்கரையில ஒரு காலு போச்சு. பந்தல் வேலைன்னா நாளெல்லாம் அண்ணாந்துக்கிட்டு நிக்கணும். எனக்கு ரெண்டு காலும் வேணும்."

பாண்டியம்மாளின் படங்கள் முதல் இரண்டு வாரம் ஒரே சிவப்பு. கவனமாக நடக்கச் சொல்லிப் போனில் கெஞ்சினோம். மூன்றாவது வாரத்திலிருந்து சுத்தமான நீலம், பதினோரு வாரமாக ஒரு புள்ளி சிவப்பு இல்லை. என் தோழிக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த ஒருத்தராவது நாம சொன்னதைக் கேட்டிருக்காங்க. எப்படி நடக்கிறாங்கன்னு பார்த்து எழுதிட்டு வா" என்று என்னைத் துரத்திவிட்டாள்.

காலை 6.10க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். தேனியில் இறங்கி இரண்டு இட்லியும் ஒரு வடையும், 35 ரூபாய். சட்னியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 8.50க்குக் கம்பம் பஸ். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் நின்று நிதானமாகப் போகும். வலதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கேரள மலை கூடவே வரும். இடதுபக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். நான் இடதுபக்கம் உட்கார்ந்தேன்.

10.15க்குக் கம்பத்தில் இறங்கியதும் ஆட்டோ பேசினேன். ஓட்டியவர் காஜா மைதீன், முப்பது வயது இருக்கும். காத்திருந்து திரும்பக் கொண்டுவந்துவிட 500 ரூபாய் கேட்டார். 400 என்றேன். "ஒங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், 450 குடுங்கக்கா" என்றார்.

பந்தலை எட்டியபோது மணி பத்தே முக்கால். தலைக்கு மேலே கையெட்டும் உயரத்தில் கம்பிவலை, அதன்மேல் கொடி, வெயில் புள்ளி புள்ளியாகக் கீழே விழுந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க டாக்டரம்மா. அம்புட்டு தூரத்துலருந்து வந்தீகளா? இங்கன நெழலுக்கு வாங்க."

"நான் டாக்டர் இல்லக்கா. சாயம் கலக்குறவ."

"இருக்கட்டும். எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்." நான் உள்ளே காலெடுத்து வைக்கப் போனேன். அவர் கூச்சத்தோடு தடுத்தார். "ஆத்தா, கோவிச்சுக்கிடாதீக. செருப்ப வரப்புலயே கழட்டிருங்க. பந்தலுக்குள்ள நாங்க யாரும் போடுறதில்ல. சோறு போடுற மண்ணு பாருங்க."

கழற்றிவிட்டு உள்ளே போனேன். மண் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு பக்கம் கிளை வெட்டி, கவாத்து முடிந்து தளிர் விட்டிருந்த கொடிகளைக் காட்டினார், மறுபக்கம் பழுத்திருந்த கொடியிலிருந்து ஒரு கொத்துப் பழம் பறித்துத் தந்தார். என் மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஐந்தாறு பழம் தின்ற பிறகுதான் அவருடைய கால்களைப் பார்த்தேன்.

"அக்கா, நாங்க குடுத்த செருப்பு எங்க?"

அவர் முகம் பூரித்துப்போயிற்று. "பத்திரமா வச்சிருக்கேன், வாங்க காட்டுறேன்" என்று மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். மூலையில் ஒரு பலகை, அதன்மேல் செருப்பு, அதன்மேல் ஈரச்சாக்கு. சாக்கை விலக்கினார். கடையில் வைத்திருப்பதைப் போல் அட்டை பளிச்சென்று நீலமாக இருந்தது.

"மொத ரெண்டு வாரம் வரப்புலதான் கழட்டிப் போட்டிருந்தேன். வெயில்ல கெடந்து கெடந்து செவந்து போச்சு. செவக்கக் கூடாதுன்னு நீங்க எல்லாரும் சொன்னீகல்ல? அதான் கொண்டாந்து இங்கன வச்சு ஈரச்சாக்கப் போட்டு மூடுனேன். பெறவு ஒரு நாளாச்சும் செவந்துச்சா சொல்லுங்க!"

"காலையில எத்தன மணிக்குக் கழட்டுவீங்க?"

"ஏழு மணிக்கு. சாயந்தரம் அஞ்சு மணிக்குப் படமெடுத்து அனுப்பிட்டு, போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவேன், அம்புட்டுத்தான்."

பதினோரு வார நீலம் இதுதான். எங்கள் படிவத்தில் இருபத்தாறு கேள்விகள் இருந்தன. வேலை செய்யும் இடத்தில் செருப்பு காலில் இருக்குமா என்று கேட்க நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் எங்களை ஏமாற்றவில்லை. கொடுத்த பொருளை அவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. தரையைப் பார்த்தேன்.

மோட்டார் ரூமுக்குச் சிமெண்டுத் தரை. பாண்டியம்மாள் நடந்து வந்த தடம் அதில் மண்ணாகப் பதிந்திருந்தது. வலது குதிகால் விழுந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடத்திலும் சிவப்பாக ஒரு பொட்டு.

"அக்கா, உக்காருங்க. காலக் காட்டுங்க."

"அய்யோ, காலப் புடிக்காதீக! மண்ணாக் கெடக்கு" என்று இழுத்துக்கொண்டார். விடாமல் பிடித்துத் திருப்பினேன். குதிகாலில், கொடி கட்டுகிற கம்பியின் வெட்டுத்துண்டு ஒன்று முழுக்க இறங்கி, முனை மட்டும் வெளியே தெரிந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"வலிக்கலயே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. "நேத்துத்தான் கம்பி வச்சுக் கொடியக் கட்டுனோம். எங்கண்ணனுக்கும் இப்பிடித்தான் ஒண்ணுமே தெரியாம ஆரம்பிச்சுச்சு, ஆத்தா."

பிடுங்கிவிடலாமா என்று கை போனது. நான் டாக்டர் இல்லை என்பது சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது. காஜாவைக் கூப்பிட்டேன். இருவருமாகத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். கம்பம் அரசு மருத்துவமனைக்கு இருபது நிமிடம். வழியெல்லாம் பாண்டியம்மாள் என் கையை விடவில்லை. "எடுத்துருவாகளா? காலு போயிராதுல்ல?" என்று மூன்று தடவை கேட்டார். போகாதுக்கா, போகாதுக்கா என்று மூன்று தடவையும் சொன்னேன், எனக்கு எதுவும் தெரியாமலே.

கம்பியை எடுத்து, சுத்தம் செய்து, ஊசி போட்டுக் கட்டுப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா, நிஜமான டாக்டரம்மா, வெளியே வந்து சொன்னார்: "ஒரு நாள்ல கூட்டிட்டு வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. உள்ளேயே இருந்து சீழ் வச்சிருந்தா கஷ்டம். ஒரு வாரம் மண்ணுல கால் படக் கூடாது. ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டணும்." நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன். காஜா டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பேச்சு செருப்புக்கு வந்தது. பந்தலுக்குள் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றேன். பாண்டியம்மாள் தலையை ஆட்டி மறுத்தார். காஜாதான் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"எக்கா, எங்க பள்ளிவாசல்ல தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற எடத்துல செருப்பு கெடக்கும். அது அங்கனயேதான் கெடக்கும், தெருவுக்கு வராது. அது மாதிரி பந்தலுக்குன்னு ஒரு சோடி வச்சுக்கிட்டா என்ன?"

பாண்டியம்மாள் காஜாவின் பக்கம் திரும்பினார். "ரோட்டு அசிங்கத்த உள்ள மிதிச்சுக் கொண்டாரக் கூடாதுன்னுதான் எங்க மாமியா சொல்வாக. ரோட்டையே பாக்காத செருப்புன்னா மண்ணு கோவிச்சுக்கிடாது" என்றார். பிறகு, "புதுசா அனுப்புவீகளா?" என்று குழந்தையைப் போலக் கேட்டார். ஆறாம் நம்பர். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். காஜா பேசிய 450க்கு மேல் ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார்.

மதுரைக்குத் திரும்பாமல் அப்பா அம்மாவைப் பார்க்கத் திண்டுக்கல் போவதாகத்தான் திட்டம். 2.30க்குக் கம்பத்தில் பஸ், தேனியில் 4 மணிக்கு மாறினேன். பெரியகுளம் தாண்டி, கெங்குவார்பட்டி நிறுத்தத்தில் ஒரு குடும்பம் ஏறியது. சிறுமி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

அப்பாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. ஆய்வுக் கணக்கில் சேர்க்காமல், அது தொடங்குமுன்பே அவருக்கு ஒரு ஜோடி கொடுத்திருந்தேன். தினமும் மாலை ஏழு மணிக்குப் படம் வரும், கீழே ஒரே சொல்: நீலம். ஏழு மாதமாக அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

6.20க்கு வீடு. செருப்பு வாசலில், ஸ்டாண்டில், சுத்தமாக இருந்தது. அப்பா உள்ளே வெறுங்காலோடு மொசைக் தரையில் நடந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்றவர், காலையில் பால் வாங்கப் போவதைத் தவிர நாள் முழுக்க வீட்டுக்குள்தான். வீட்டுக்குள் யார் செருப்புப் போடுவார்கள்? நானும்தான் வாசலில் கழற்றிவிட்டு வந்தேன். காமயகவுண்டன்பட்டிப் பழக்கம் எனக்குத் தெரியாமல் போனது என்று வைத்துக்கொள்ளலாம். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் பழக்கம்?

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சரியாக ஏழு மணிக்கு அப்பா எழுந்து, கண்ணாடி போட்டு, வாசலுக்குப் போய்க் குனிந்து படமெடுத்தார். என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நீலம்.

"நான் இங்கேதானப்பா இருக்கேன்."

"அதுக்காக? வேலைன்னா வேலைதானேம்மா" என்றார்.

தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கூச்சத்தில் நெளிந்தார். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, அதில் காய்ந்த ரத்தம். அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நான் இந்தக் காலைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், ஞாபகமே வரவில்லை. மறுநாள் காலை மருத்துவரிடம் காட்டினோம். சின்னதுதான், ஆறிவிடும் என்றார்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். மதுரையிலிருந்து கம்பத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். வெயில் ஏறுமுன் பந்தல் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையிலேயே கிளம்புங்கள். நேரமிருந்தால் சுருளி அருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பழத்தைத் தோட்டத்திலேயே கேட்டு வாங்கலாம். அடியில் வைத்தால் நசுங்கும். என்னுடையது பாதி நசுங்கிவிட்டது. உரிமையாளரிடம் கேட்காமல் பந்தலுக்குள் போகாதீர்கள், வரப்பில் செருப்பைக் கழற்றுங்கள், கீழே பார்த்து நடங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் உள்ளே போகவே வேண்டாம், வரப்பில் நின்றே பாருங்கள்.

பாண்டியம்மாளுக்கு இரண்டாவது ஜோடி போய்ச் சேர்ந்துவிட்டது. காயம் ஆறி, பந்தலுக்குள் மட்டும் போடுகிறார். போன வாரம் வந்த படத்தில் அட்டை முழுக்கச் சேறு, குதிகாலில் ஒரு சிவப்புத் திட்டு. அவ்வளவு அழுக்கான படத்தைப் பார்த்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் நால்வரும் கைதட்டினோம். அந்தத் திட்டுக்காக உடனே போன் செய்து, கம்பத்தில் காட்டச் சொன்னோம். அன்றைக்கே காட்டிவிட்டார். படிவத்தில் இப்போது இருபத்தேழாவது கேள்வி ஒன்று இருக்கிறது: 'இன்று உங்கள் காலைப் பார்த்தீர்களா?'

அப்பாவுக்கு வீட்டுக்குள் போட ஒரு ஜோடி கொடுத்தாயிற்று. அதை மாட்டிக்கொண்டு, சாமி அறைப் பக்கம் மட்டும் போகாமல் விலகி நடக்கிறார். மாலை ஏழு மணிப் படம் இன்னமும் வருகிறது. இப்போது வருவது அட்டையின் படமல்ல, அப்பாவின் உள்ளங்கால். தன் உள்ளங்காலைத் தானே படமெடுக்க முடியாததால் அம்மா எடுக்கிறார்; ஓரத்தில் எப்போதும் அம்மாவின் விரல் விழுந்திருக்கும். கீழே ஒரு சொல்லும் இருக்காது. நான் படத்தைப் பெரிதாக்கி, ஐந்து விரலையும் குதிகாலையும் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று பதில் போடுகிறேன்.