சுடாத கற்பூரம்

வத்தேகம சந்தையில் கருவாடு பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்கார மடவளை முஸ்லிம் நானா, "அண்ணன், ஒங்கட பூசாரி மௌத்தாம். தோட்டத்து ஆக்கள் சொல்லிட்டுப் போறாங்க" என்றார். சாவுச் செய்தி. கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். முத்தையா பூசாரியின் கருமாதிக்கு வருகிற நீங்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைப் பேசுவீர்கள். அது பொறுமை இல்லை.

அவர் மகள் செல்வியைக் கண்டி டவுனுக்கு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போன தரகனை உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். போன எட்டாம் மாதம் பிள்ளை சவப்பெட்டியில் வந்தாள். கிணற்றில் விழுந்தாள் என்றார்கள். குளிப்பாட்டிய பெண்கள் முதுகில் சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் சித்திரவதை செய்கிறார்கள் என்று செல்வி தரகனிடம் அழுததை, அங்கே பக்கத்து வீட்டில் இருந்த வேலைக்காரி வந்து சொன்னாள்.

முத்தையா பொலிசுக்குக் கிளம்பினார். மறித்தவன் நான். "மச்சான், பொலிசுல அவனுக்கு ஆளிருக்கு. முனியாண்டி முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுவோம். பொய்யின்னா கை அழுகிப் போகும்."

அணைத்துவிட்டால் வழக்கு சாமியுடையது. கேட்டவன் அதன்பிறகு வாய் திறக்கக் கூடாது. நம் தோட்டத்தில் அதுதானே வழக்கம்? தரகன் வந்தான். "அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்தான். சாரத்தில் துடைத்துக்கொண்டு, "டீ இருக்கா?" என்று கேட்டான்.

முத்தையா வாய் திறக்கவில்லை. தரகனுக்கு லொறி வந்தது, பிலிமத்தலாவையில் கடை வந்தது, மாடி வீடு வந்தது. திருவிழாவில் முதல் மரியாதையும் வந்தது. பரிவட்டம் கட்டிவிட்டவர் முத்தையாதான். விபூதிக்கு நீட்டிய அந்த உள்ளங்கையை வருஷா வருஷம் உற்றுப் பார்ப்பார். பிறகு என்னிடம் வந்து, "வழுவழுன்னு இருக்கு மாப்ள. என் கைதான் காய்ச்சுப் போச்சு" என்பார்.

"கட்டாம விட்டா என்ன மச்சான்?"

"சாமியே விட்டு வச்சிருக்கு. நான் யாரு அவனைத் தள்ள?"

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முதல் கேள்வியே, "அவன் எப்படி இருக்கான்?" மனசு பொறுக்கவில்லை. பொய் சொன்னேன். "சீனி வருத்தம் முத்திப்போச்சாம். வலது கையை எடுக்கப் போறாங்களாம்."

என்னையே பார்த்தார். "கற்பூரம் கொண்டாரச் சொல்லவா மாப்ள?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார். "பயப்படாத. நீ அணைச்சாலும் ஒன்னும் ஆகாது."

ஆயுசு முழுக்க அந்தச் சாமிக்கு விளக்கு வைத்த மனிதர் சொன்னது இது.

சாவு வீட்டுக்குத் தரகன் பெரிய மாலையோடு வந்தான். என் கையைப் பிடித்து, "நல்ல மனுசன். கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்றான். அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மச்சான், உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பார்க்கிற பழக்கம்தான். அவன் போனபிறகு என் கையையும் விரித்துப் பார்த்தேன். பொலிசுக்குக் கிளம்பிய உன்னைத் தடுத்த கை. அதிலும் ஒன்றுமில்லை.